தட்டில்லாமல் படமில்லை

ஷாதிபூர்ப் பக்கத்துப் பழைய குடும்பம் ஏதாவது ஒன்றின் வீட்டில் அறுபதுகளில் எடுத்த படம் மாட்டியிருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாப்பிள்ளை கையில் ஜிலேபித் தட்டு இருக்கும். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் பப்பாளிக்காய்க் கூட்டு இருக்கும். ரிட்டையர் ஆன போலீஸ்காரர் ஒருவர் பழைய யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு வலது கையால் சல்யூட் அடிப்பார்; இடது கையில் பொரித்த மீன். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் அந்தக் காலத்து அந்தமானில் எல்லோருக்கும் ஓட்டலில் சர்வர் வேலை என்றுதான் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் கேமரா வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவர் மனிதர்களைப் படம் எடுக்க மாட்டார், சாப்பாட்டைத்தான் எடுப்பார். அதனால் படம் வேண்டும் என்கிறவர்கள் சாப்பாட்டோடு போய் நின்றார்கள்.

மெயின்லேண்டிலிருந்து அரசாங்க ஆபீசுக்குக் குமாஸ்தாவாக வந்தவர். மற்ற குமாஸ்தாக்கள் எல்லாம் எப்போது மாற்றல் வரும் என்று காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, இவர் தானே மனுப்போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். தீவுகளின் உள்ளூர்ச் சாப்பாட்டை எல்லாம் கண்டுபிடித்துப் படம் எடுக்கப் போகிறாராம். நாங்கள் ஏதோ அதைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மாதிரி!

இத்தனைக்கும் அந்த மனிதர் எதையும் வாயில் வைத்ததில்லை. வயிற்றில் புண். காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி வித்தியாசமாக இருக்கட்டும் என்று உப்புப் போட்ட கஞ்சி. தட்டைப் படம் எடுத்து முடித்ததும் தின்கிறவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எப்பிடி இருக்கு? காரம் முன்னாடி தெரியுதா, பின்னாடி தெரியுதா?" என்று நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கேட்பார். நமக்கு விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

படம் எடுப்பது என்றால் சும்மா இல்லை. தட்டு வந்ததும் "ஒரு நிமிஷம்" என்பார். தட்டை ஜன்னலோரம் நகர்த்துவார். குழம்பில் கிடக்கிற மீனைத் திருப்பிப் போடுவார். வெளிச்சம் போதாது என்று முற்றத்துக்குக் கொண்டுபோவார். அங்கே மேகம் வந்து மறைக்கும். எங்கள் ஊரில் மேகம் வந்தால் லேசில் போகாது. அவருடைய ஒரு நிமிஷம் முடியும்போது குழம்பின் மேல் ஆடை படிந்திருக்கும். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வைத்த பேர்தான் தீவு முழுக்கப் பரவியது: தண்டா பாபு. இந்தியில் தண்டா என்றால் ஆறிப்போனது. எங்கள் அப்பாவுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவர் அந்தப் பேரைக் கேட்டதும், "தண்டம்னு தமிழ்லயே சொல்லிட்டுப் போகலாமே" என்றார்.

குடியிருந்தது எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். தன் வீட்டுக் குளியலறையைப் படம் கழுவுகிற இருட்டறை ஆக்கிவிட்டு, குளிக்க எங்கள் வீட்டுக் குழாயடிக்கு வருவார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து, போன வாரம் கண்டுபிடித்த சாப்பாடுகளைப் பற்றிச் சொல்லுவார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊதா மையில் நாலு வரி எழுதிவைப்பது அவர் வழக்கம். பெயர், செய்தவர், எங்கிருந்து வந்தது, தன்மை. இந்த நாலில் மூன்றாவதுதான் அவருக்குத் தலைவலி.

ஆபீஸ் வேலையாக ஹேவ்லாக் தீவுக்குப் போனபோது புதிதாகக் குடியேறிய வங்காளி வீட்டில் தேங்காயும் வெல்லமும் வைத்த பிட்டா என்கிற பலகாரத்தைக் கண்டுபிடித்தார். "யே லோக்கல் ஹை?" என்று ஆவலோடு கேட்டாராம். அந்த அம்மாள் பதறிப்போய், "லோக்கல் நஹி பாபு! பரிசால்!" என்றாளாம். வங்காளத்தில் அது அவள் ஊர். காட்டு மரம் வெட்டுகிற ராஞ்சிக்காரரிடம் செவ்வெறும்புத் துவையல் இருந்தது. அது ராஞ்சியாம். கரேன் இனத்துக்காரர் வீட்டில் நாற்றம் பிடித்த மீன் விழுது இருந்தது. அது பர்மாவாம். மீன்காரத் தெலுங்கரிடம் கேட்டால் விசாகப்பட்டினம், மரக்கடைக்காரரிடம் கேட்டால் மலபார். ஆசியாவில் பாதியைக் கப்பலில் ஏற்றி வந்து எங்கள் ஜெட்டியில் இறக்கியிருந்தார்கள். இறங்கிய ஒருத்தர்கூட 'இது இந்த ஊர்ச் சாப்பாடு' என்று ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தத் தீவுல லோக்கல்னு ஒண்ணு கிடையவே கிடையாதா மேஸ்திரி?" என்று அப்பாவிடம் நொந்துகொண்டார்.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஏனென்றால் எங்கள் ஊரில் லோக்கல் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு. லோக்கல் என்றால் நாங்கள். கைதிகளாகக் கப்பலில் வந்து, தண்டனை முடிந்து, இங்கேயே தங்கிப்போனவர்களின் வம்சம். எங்கள் அப்பாவின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். டிக்கெட் அவர் எடுக்கவில்லை, சர்க்கார் எடுத்தது. மதராஸ் பக்கத்தில் ஏதோ வரப்புத் தகராறில் கைகலப்பு. கைகலப்பு முடிந்தபோது இன்னொருத்தர் எழுந்திருக்கவில்லை. இதை எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சொல்லுவதில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற ஆட்களையெல்லாம் ஒரு அதட்டலில் நடுங்கவைக்கிற அப்பா, யாராவது "பூர்வீகம் எங்கே?" என்று கேட்டால் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

நம்மவருக்கு இதெல்லாம் தெரியுமா? வந்த புதிதில் அம்மா வைத்த நண்டுக் கறியைப் படம் எடுத்துவிட்டு, நோட்டைப் பிரித்துக்கொண்டு, "இது எங்கேருந்து வந்ததும்மா?" என்று கேட்டார். பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கறி அது. கொஞ்சம் மதராஸ், கொஞ்சம் பர்மா, மிச்சம் யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "எங்கேருந்து வந்தா உனக்கென்ன தம்பி? தெரிஞ்சு என்ன பண்ணப் போற? கடல்லேருந்து வந்துச்சு. போதுமா? பஸ், அவ்வளவுதான்!"

அதே அம்மாவிடம் இன்னொரு நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்துத் தரச்சொல்லிக் கேட்டு அடி வாங்காத குறை. ஜப்பான்காரன் தீவைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் மூன்று வேளையும் அதைத்தான் தின்று உயிர் பிழைத்தவள் அம்மா. "அரே, அதைப் போட்டோ வேற புடிக்கணுமா? என் கண்ணுலயே காட்டாத!" என்று கரண்டியை ஓங்கிவிட்டாள். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் கையில் என் வாழ்க்கை போய் மாட்டியது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் அது பெரிய வயசு. மூன்று வரன் வந்து, "பூர்வீகம் எங்கே?" என்ற இடத்தில் திரும்பிப் போயிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசையாக இருந்தது. கப்பலில் ஏறி, ரயில் என்கிறார்களே, அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அபர்டீன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் நாலாவதாக ஒரு வரன் கொண்டுவந்தார். விருதுநகரில் ஒரு மில்லில் கிளார்க். பெண் படம் கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். "வெள்ளிக்கிழமை ஜஹாஜ் போகுது. அதுல படம் போகலேன்னா அவங்க வேற இடம் பாத்துக்குவாங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்; ஜஹாஜ் என்றால் கப்பல். பஜாரில் இருந்த ஒரே ஸ்டூடியோக்காரர் மகள் பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போய், கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு தட்டு நிறைய லட்டோடு என்னை நிறுத்தத் தயாராக இருந்தாள். போன கப்பல் ஏமாற்றிவிட்டதால் கடலை மாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்பது ஒரு பக்கம். தண்டா பாபு லட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்தார்.

"லட்டு எங்க ஊர்லயே தெருவுக்குத் தெரு இருக்கும்மா. அதுக்கு எதுக்கு நான் ஃபிலிமை வேஸ்ட் பண்ணணும்? அந்த நண்டுக் கறி சரியா விழல. அதை வேணா பண்ணுங்க. எடுக்கறேன்."

"பொண்ணு பாக்குற படம் தம்பி இது!" என்றாள் அம்மா.

"பொண்ணும் இருக்கட்டும். நான் வேணாங்கல."

இப்படியாக நான் அம்மாவின் முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, இரண்டு கொடுக்கும் வானத்தைப் பார்த்த ஒரு பெரிய நண்டைத் தட்டில் ஏந்தி முற்றத்தில் நின்றேன். மேகம் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. "நண்டைக் கொஞ்சம் சாய்ங்க. நீங்க அசையலாம், நண்டு அசையக் கூடாது" என்றார். ஜென்மத்துக்கும் அந்த அவமானம் போதும்.

படம் கழுவி வந்தது. நண்டு ஜம்மென்று விழுந்திருந்தது. நானும் இருந்தேன், பரவாயில்லாமல். இவர் கத்தரிக்கோலை எடுத்து என்னை வெட்டி எறியப் பார்த்தார். அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கி நண்டை வெட்டி எறிந்தாள். இடுப்புக்கு மேலே நான் மட்டும், எதையோ ஏந்திக்கொண்டிருக்கிற மாதிரி அடக்க ஒடுக்கமாக நின்றேன். அப்பா அதை உறையில் போட்டு ஒட்டி, கடைக்காரர் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை கப்பல் போயே போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் அடுப்படி ஜன்னலில் அம்மா வெட்டிப்போட்ட நண்டுத் துண்டு கிடைத்தது. எதேச்சையாகத் திருப்பினேன். ஊதா மையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பெயர்: தேங்காய்ப்பால் நண்டு.'

மனிதர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு எழுதுகிறவர். முதல் வரி நண்டின் முதுகில் இருந்து, நண்டோடு போயிற்று. மிச்ச மூன்று வரி? அது என் முதுகில் விருதுநகர் போய்க்கொண்டிருந்தது.

குழாயடிக்குக் குளிக்க வந்தவரை அம்மா சோப்பு நுரையோடு நிறுத்திக் கேட்டாள். அவர் நோட்டைக் கொண்டுவந்து படித்தார். அதை நான் இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்லுவேன்:

'செய்தவர்: ஷாதிபூர் மேஸ்திரியும் வீட்டம்மாவும். எங்கிருந்து வந்தது: சொல்ல மறுக்கிறார்கள். தன்மை: மேலே கடினம். உள்ளே மிருது. காரம் அதிகம். கவனமில்லாமல் கை வைத்தால் கிழித்துவிடும். பழகியவர்கள் விடுவதில்லை.'

"எங்க அப்பாவை எதுக்கு மாமா இதுல இழுத்தீங்க?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நண்டு புடிச்சுட்டு வந்தது அவர்தானேம்மா" என்றார், அப்பாவியாக.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டேனே! ஏற்கெனவே மூணு பேரு அந்தக் கேள்வியக் கேட்டுட்டுத்தான் போனாங்க. இப்ப நாமளே எழுதி அனுப்பிட்டோம், சொல்ல மாட்டோம்னு!" அன்றோடு அவருக்கு எங்கள் வீட்டுக் குழாயடி கிடையாது. ஒரு மாதம் எங்கே குளித்தார் என்று தெரியாது. குளித்தாரா என்பதும் சந்தேகம்தான்.

அடுத்த கப்பலில் கடிதம் வந்தது. பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார். 'படமும், பின்பக்கம் தாங்கள் எழுதியிருந்த விவரமும் கிடைத்தன. பெற்ற பெண்ணைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிய வீட்டாரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்ல மறுப்பதாகத் தெரிகிறது. அதையும் தெரிவித்தால் மேற்கொண்டு பேசலாம்.'

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு நாள் துடைத்தார்.

"ராம்நாட் பக்கம், வியாபாரக் குடும்பம்னு எழுதிப் போடுங்க மேஸ்திரி. யாரு ஜஹாஜ் ஏறி வந்து பாக்கப் போறா?" என்றார் கடைக்காரர். அப்பா பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் இவர் வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டு, வேறென்ன.

"மேஸ்திரி, எம்மேல கோவமா இருப்பீங்க. அது பொண்ணு இல்ல, நண்டுன்னு நானே ஒரு லெட்டர் எழுதித் தரேன்."

"எழுதி? ஏற்கெனவே கழண்ட கேசுன்னு நினைப்பாங்க. இப்ப நிச்சயமாயிடும்" என்றாள் அம்மா.

அவர் நோட்டை மூடினார். "நான் எழுதினதுல ஒண்ணுதான் தப்பு. சொல்ல மறுக்கிறார்கள்னு எழுதியிருக்கக் கூடாது. நான் கேட்டிருக்கவே கூடாது. இத்தனை நாள் கழிச்சு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் எனக்கு விளங்குச்சு. எனக்கு மண்டையில ஏறல மேஸ்திரி. மன்னிச்சுக்கணும்."

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எழுதுங்கப்பா. கப்பல்ல வந்தவங்கன்னே எழுதுங்க. பொய் சொல்லிப் போயி, தினம் பயந்துக்கிட்டுச் சோறாக்க என்னால முடியாது" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். நாலாவதும் போயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்பா இரண்டே வரி எழுதினார்: 'என் தாத்தா கைதியாக வந்தவர். பின்பக்கம் எழுதியிருந்தது நண்டைப் பற்றியது.'

இந்தத் தடவை பதில் எழுதியது பையன். 'என் தாத்தாவும் ஒரு கைகலப்புக்குப் பிறகு ரங்கூனுக்கு ஓடிப்போனவர்தான். போலீஸ் பிடிக்காததால் எங்களுக்கு அந்தமான் கிடைக்கவில்லை. நண்டைப் பற்றி எழுதியது பெண்ணுக்கும் பொருந்துமா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.'

"பொருந்தும்னு எழுதுங்க" என்றாள் அம்மா. அன்று சாயங்காலம் நம்மவருக்குக் குழாயடி திரும்பக் கிடைத்தது.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் என்று முடிவாயிற்று. நாங்கள் கப்பல் ஏறுகிற நாளில் அவர் ஜெட்டிக்கு வந்தார். எங்களை வழியனுப்ப என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு நிக்கோபார் படகும் வர இருந்தது. அந்தத் தீவுக்காரர்கள் தாழையைப் போன்ற ஒரு மரத்தின் பழத்தை அவித்துப் பிசைந்து ரொட்டியாகச் செய்வார்கள். எங்கிருந்தும் வராத ஒரே சாப்பாடு அதுதான் என்று இரண்டு வருஷமாக அதற்காகத் தவம் கிடந்தார். படகு ஆள் ஒருவன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தானாம். கேமராவில் கடைசியாக ஒரே ஒரு படம் மிச்சம். அடுத்த ஃபிலிம் அடுத்த கப்பலில்தான். அந்த ஒன்றை ஒரு மாதமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது தெருவுக்கே தெரியும்.

எனக்கு அம்மாவின் தோளைப் பார்த்தாலே அழுகை வந்துகொண்டிருந்தது. அதை மறைக்க, "என்ன மாமா, ரொட்டி வந்துச்சா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"இன்னும் வரலம்மா" என்றார். கேமராவைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"என் கையில தட்டு இல்லையே மாமா."

"பரவால்ல. ஒரு நிமிஷம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேகம் வந்ததா என்று அவர் பார்க்கவே இல்லை.

விருதுநகரில் புகுந்த வீட்டுப் பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் தண்ணீர் எடுக்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "நீ எங்கேருந்தும்மா வந்திருக்க?" என்று யாராவது கேட்பார்கள். அந்தமான் என்றால், "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அதற்கு முன்னாடி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, தீவுக்குத் திரும்பியிருந்த அம்மாவின் கடிதம் வந்தது. நாங்கள் கப்பல் ஏறிய அன்றைக்கே நிக்கோபார் ரொட்டி வந்துவிட்டதாம். ஃபிலிம் இல்லாததால் தண்டா பாபு அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் முழித்தாராம். அப்புறம் எங்கள் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து முழுசாகத் தின்றுவிட்டாராம். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், ஆனால் நன்றாக இருந்தது என்று சொன்னார் என்று எழுதியிருந்தாள்.

கூடவே படம். ஜெட்டி, பின்னால் கப்பல், நடுவில் மூக்கு சிவந்து நான். கையில் ஒன்றும் இல்லை. திருப்பினேன். ஊதா மையில் அதே நாலு வரி. முதலில் என் பெயர். செய்தவர் என்ற இடத்தில், போன தடவை மாதிரியே, 'ஷாதிபூர் மேஸ்திரியும் வீட்டம்மாவும்.' தன்மை என்ற இடத்தில், 'முன்பே எழுதியாயிற்று.'

மூன்றாவது வரியைக் கடைசியில்தான் படித்தேன்.

'எங்கிருந்து வந்தது: இங்கிருந்தேதான்.'